வேலை போய் ஐந்து மாதம்: இது சோம்பலா, நோயா?

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்கு 43 வயது. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் 16 ஆண்டுகள் தரச் சோதனைப் பிரிவில் இருந்தீர்கள். ஐந்து மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பு என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, மகள் எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறீர்கள், விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கூடவே இருக்கும் அப்பாவுக்கு விஷயம் தெரியாது என்பதால் இன்றும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, நூலகத்திலும் ஏரிக்கரையிலும் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறீர்கள். இது டிப்ரஷனா, சோம்பேறித்தனமா, மாத்திரை சாப்பிட்டால் வேலை கிடைத்துவிடுமா, பேட்டியில் இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது: இந்த நிலைமைக்கு நான்தான் காரணமா?

அதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'நான் இல்லாமல் போனால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்று சில நேரம் தோன்றுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இதை அப்படித் தள்ளிப்போட முடியாது. இந்த எண்ணம் வருவது மனச்சோர்வு நோயில் மிகச் சாதாரணம். நோய் போடும் கணக்கு அது. வீட்டுக்கு நீங்கள் யார் என்பதை ஐந்து மாதச் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு போடும் கணக்கு. இன்று இரவே மனைவியிடம் இந்த வரியை அப்படியே சொல்லிவிடுங்கள். சொன்னால் அந்த எண்ணம் வலுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வெளிப்படையாகப் பேசுவதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை என்பது எங்கள் மனநலத் துறையில் ஐயமில்லாமல் தெரிந்த விஷயங்களில் ஒன்று. வீட்டில் சொல்ல வாய் வரவில்லையென்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இதற்காகவே இருக்கிறது. அந்த எண்ணம் எப்போது, எப்படி என்று திட்டமாக மாறத் தொடங்கினால் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள், வெளிநோயாளர் நேரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் உள்ள மாத்திரைகளைக் கொஞ்ச நாளைக்கு மனைவி வைத்துக்கொள்ளட்டும்.

நான் மனநல ஆலோசகர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் வேலை இழந்தவர்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. மேலும், நாலு பத்தி படித்துவிட்டு உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்வது எவருக்குமே முறையாகாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு எல்லாமே இதே மாதிரி அசதியைக் கொண்டுவரும். நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் எல்லாப் பழியையும் மனத்தின்மேல் போட முடியாது.

இனி உங்கள் அடிமனக் கேள்விக்கு வருகிறேன். வேலை போனவர்களுக்கு மனம் சோர்ந்துபோகிறதா, அல்லது ஏற்கெனவே மனம் சோர்ந்தவர்களுக்குத்தான் வேலை போகிறதா என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் நெடுநாள் இருந்தது. 2009-இல் கார்ஸ்டன் பால், க்ளவுஸ் மோஸர் என்ற இரண்டு ஜெர்மானிய உளவியலாளர்கள், அதுவரை வந்திருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வேலையில் இருப்பவர்களில் 16 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது, வேலை இல்லாதவர்களில் 34 சதவீதம் பேருக்கு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே ஆட்களைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளையும், ஆலை மொத்தமாக மூடப்பட்ட இடங்களில் நடந்த ஆய்வுகளையும் அவர்கள் தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஆலை மூடும்போது கெட்டிக்காரன், மந்தமானவன் என்று பார்த்து அனுப்புவதில்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோதும், 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோதும் நடந்தது அதுதான். விடுப்பே எடுக்காதவரும் அடிக்கடி தாமதமாக வந்தவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். ஆலை மூடிய இடங்களில் நடந்த அந்த ஆய்வுகளிலும் மனச்சோர்வு கூடியிருந்தது. ஆகவே வேலையிழப்பு மனநலத்தைக் கெடுக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். சுபாவத்தில் உள்ள கோளாறுதான் இப்படி ஆக்குகிறது என்ற பேச்சுக்கு இடமில்லை. அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பெண்களைவிட ஆண்களும், அலுவலக வேலைக்காரர்களைவிட ஆலைத் தொழிலாளர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வேலையில்லாக் காலத்துக்கு அரசின் பாதுகாப்பு குறைவாக இருக்கும் நாடுகளில் பாதிப்பு இன்னும் கடுமை. நம் ஊர் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாடுகளில் நடந்தவை. கூட்டுக்குடும்பமும் சொந்தபந்தமும் உள்ள ஓர் இடத்தில் அதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். சொந்தபந்தம் தாங்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன், சொந்தபந்தமே தூங்கவிடாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் நின்றால் கஷ்டம் வருவது புரிகிறது, கை ஏன் ஓடாமல் போகிறது? இதற்கு இன்றும் நல்ல பதில் 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வில்தான் இருக்கிறது. வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்தது. ஆலை மூடப்பட்டதும் ஏறக்குறைய மொத்த ஊரும் வேலையிழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் ஆகியோரின் குழு அங்கே போய்ப் பார்த்தது. கைநிறைய நேரம் இருக்கிறதே, நிறையப் படிப்பார்கள், ஊர்க் காரியங்களில் இறங்குவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது தலைகீழ். நூலகத்தில் கட்டணத்தை ரத்து செய்த பிறகும் புத்தகம் எடுப்போர் எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம் குறைந்தது, வழியில் அடிக்கடி நின்றார்கள். நேற்று முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கோ சமையல், துணி, பிள்ளைகள் என்று நாள் முழுக்க வேலை இருந்தது; அவர்கள் வேகமாகவே நடந்தார்கள். யஹோடா பிற்காலத்தில் இதை இப்படி விளக்கினார்: வேலை சம்பளத்தோடு வேறு ஐந்து விஷயங்களையும் நமக்குத் தெரியாமலே தந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பு, ஊரில் ஒரு பெயர், கைக்கு ஓயாத வேலை. ஒரே நாளில் இந்த ஐந்தும் பிடுங்கப்படுகின்றன. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம், கேண்டீனில் உட்காரும் அதே மேசை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எல்லாம் சேர்ந்துதான் உங்களை நடத்திக்கொண்டு போயிருக்கின்றன. அவை இல்லாதபோது கை ஓடாததைச் சோம்பல் என்று சொல்வது தவறு. சோம்பேறிக்கு விடியற்காலை நான்கு மணிக்குக் குற்றவுணர்ச்சி வராது.

சரி, இது நோயா? துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. வேலை போன முதல் சில வாரங்களில் அழுகை, கோபம், தூக்கமின்மை வருவது இயல்பு, பலருக்கு அது தானாகவே தணிகிறது. நோய் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மனம் வாடிக் கிடப்பது, எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது ஏறக்குறைய நாள் முழுக்க, நாள்தோறும், இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, உடல்சோர்வு, கவனம், படபடப்பு அல்லது மந்தம், தன்னைத் தானே பழித்துக்கொள்வது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவையும் சேர்ந்து, மொத்தம் ஒன்பதில் ஐந்தாவது இருக்க வேண்டும். அதனால் அன்றாட வாழ்க்கை தடைபட்டும் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் நான் எண்ணிப் பார்த்தவரை ஐந்துக்குக் குறையவில்லை. கிரிக்கெட்டைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதியிருப்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். துக்கத்தில் இருப்பவர் வேலையைப் பற்றி நினைத்தால் கலங்குவார், நடுவில் மகள் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரித்தும்விடுவார். நோயில் அந்த இடைவெளி அடைபட்டுப்போகிறது, வருத்தம் வேலையை விட்டு நகர்ந்து தன்மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களே அதிகம், அவர்களுக்கும் உதவி தேவை. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் இருக்கிறது. 27-க்கு 10 அல்லது அதற்குமேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. உங்கள் விஷயத்தில் படிவத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இந்த வாரமே போக வேண்டும் என்பது என் கருத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்துக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

'வேலை இல்லாததற்கு மாத்திரையா?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். மாத்திரை வேலை வாங்கித் தராது. ஆனால் மிதமான நிலையையும் தாண்டிய மனச்சோர்வில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் பலன் தருகின்றன என்பதில் சந்தேகமில்லை. மருந்து வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் பலர். அந்த நாட்களில் மனக்கலக்கம் கூடினாலோ, நான் முதலில் குறிப்பிட்ட எண்ணம் வலுத்தாலோ மறுநாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இந்த மருந்துகள் மதுவைப் போலப் போதைப் பழக்கம் ஆகிவிடுவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல் முதலிய தொல்லைகள் வரும் என்பதால் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எனக்குப் பயமெல்லாம், பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் தெரிந்தவர் என்று கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைமேல்தான். அதில்தான் உண்மையான பழக்க ஆபத்து இருக்கிறது. டாஸ்மாக்கும் அப்படியே. குடித்தால் தூக்கம் வருவது போலிருக்கும், பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும். மறுநாள் மனம் முன்பைவிடக் கீழே கிடக்கும்.

வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. மறுபடி வேலைக்குப் போனவர்களின் மனநிலை தெளிவாகவே மேம்படுகிறது. மறுபாதியை யாரும் சொல்வதில்லை: மனச்சோர்வு இருந்தால் வேலை கிடைப்பதே தாமதமாகும். விண்ணப்பம் அனுப்பக் கை வராது, பேட்டியில் குரல் எழும்பாது, ஒரு மறுப்பு வந்தால் மூன்று வாரம் முடங்கிப்போவீர்கள். ஆகவே வேலைக்காகக் காத்திருந்து மனத்தைச் சரிசெய்வதைவிட, மனத்தைக் கவனித்துக்கொண்டே வேலை தேடுவதுதான் விரைவான வழி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் தொடங்கிய ஒரு திட்டம் இதைத்தான் செய்தது. வேலையிழந்தவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, வேலை தேடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு மறுப்பு வந்தால் அடுத்த நாள் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிப் பழக்கினார்கள். மனச்சோர்வு வரும் ஆபத்து அதிகமாக இருந்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. அப்படியொரு குழு நம் பக்கத்தில் அமைப்பாக நடப்பதாக நான் பார்த்ததில்லை. ஆனால் உங்களோடு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்களே. ஷிப்டு வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உள்ள நான்கைந்து பேரோடு வாரம் ஒரு நாள் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்காருங்கள். எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஏஜென்சி முன்பணம் கேட்டு ஏமாற்றுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். தேடலை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு வேலைத் தளங்களைப் புரட்டுவது தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

இப்போது டிபன் பாக்ஸ் விஷயம். உங்கள் சக்தியை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தின்றுகொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். காலை ஏழு மணிக்கு எந்தப் பக்கம் போவது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ, அப்பா 'இன்றைக்கு ஓவர்டைம் இல்லையா' என்று கேட்டால் என்ன சொல்வது, மகள் எதையாவது கவனித்துத் தாத்தாவிடம் உளறிவிடுவாளோ என்று நாள் முழுக்க ஒரு காவல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குச் சம்பளமும் இல்லை, ஓய்வும் இல்லை. வீட்டிலும் மனைவி உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: இப்படி மறைக்கும் வீடுகளில் பெரியவர்கள் பெரும்பாலும் முன்பே மோப்பம் பிடித்துவிட்டிருப்பார்கள். ஷூவில் ஆலை எண்ணெய்க் கறை இல்லை, சம்பள நாளில் இனிப்பு வரவில்லை, டிபன் பாக்ஸில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. பையனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று அவரும் கேட்காமல் இருக்கிறார். நீங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள், அவர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். நடுவில் மருமகள் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்.

சொல்வதற்கு ஒரு நேரம் பாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, டிவி நின்ற பிறகு, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். 'அப்பா, கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் என் வேலையும் போய்விட்டது. ஐந்து மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை. இத்தனை மாதத்துக்குச் செலவுக்குக் கையில் இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்.' இவ்வளவு போதும். பணக் கணக்கைக் கட்டாயம் சொல்லுங்கள், பெரியவர்களின் பயம் முக்கால்வாசி அதைப் பற்றியது. முதல் பத்து நிமிடம் அவர் கோபப்படலாம், அழலாம், 'இதை என்னிடம் மறைத்தாயா' என்று கேட்கலாம். பதில் வாதம் செய்யாமல் உட்கார்ந்திருங்கள். அவருக்கு இதய நோய் இருப்பதால்தான் பயப்படுகிறேன் என்கிறீர்கள். அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லலாம். ஆனால் தெருவில் வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரியவருவதைவிட நீங்கள் சொல்வது எப்போதும் மேல். மகளுக்கும் அவள் வயதுக்கேற்ற அளவில் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு விவரம் தெரியாவிட்டால், அப்பாவின் கோபத்துக்குத் தாங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உறவினர் விசேஷங்களில் 'இன்னும் கிடைக்கவில்லையா' என்று கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'தேடுகிறேன், உங்கள் பக்கம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.' கேட்டவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மறைக்கும் வேலை போனதும் கையில் முழுப் பகல் வந்து நிற்கும். அதை என்ன செய்வது என்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் முறை பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சைகளில் நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று அது. மனம் சரியானதும் செய்வோம் என்று காத்திருக்காமல், முதலில் செய்துவிட்டு மனம் பின்னால் வருகிறதா என்று பார்ப்பது அதன் அடிப்படை. ஒரு கோடு போட்ட நோட்டில் மணி வாரியாக என்ன செய்தீர்கள் என்றும், செய்து முடித்தபோது மனம் பத்துக்கு எவ்வளவு இருந்தது என்றும் ஒரு வாரம் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒருவர், ஆலையில் வெல்டராக இருந்தவர், அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், எழுதிக் கொண்டுவந்த ஒரு பக்கம் எனக்கு நினைவிருக்கிறது. '9.30 – பேப்பர் படித்தேன் – 3. 10 முதல் 12.30 – போன் – 1. 1 மணி – சாப்பாடு – 2. 3 மணி – மேல்வீட்டு அம்மாவின் கேட் கொக்கி கழன்றிருந்தது, சரிசெய்து கொடுத்தேன் – 6. 4.30 – போன் – 2.' அந்த 6 எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டேன். அவருக்கே ஆச்சரியம், முந்தைய நாள் கேட்டிருந்தால் எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பார். கைத்தொழில் தெரிந்தவருக்குக் கை மறந்துவிடவில்லை என்று தெரிந்துகொள்ளும் இருபது நிமிடம் அது. அடுத்த வாரத்தில் அப்படிப்பட்ட ஒன்றை நாளுக்கு ஒரு தடவையாவது முன்கூட்டியே குறித்து வைத்தோம். செய்ய மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்துக்குச் செய்ய வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம்.

உங்களுக்கு அது எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நோட்டுதான் சொல்லும். 16 ஆண்டுகள் அளவுக் கருவியும் கையுமாக இருந்தவர், பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு வெர்னியர் காலிபர் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் ஊகம். மனைவி துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், 'அவள் சம்பாதித்து நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து சாப்பிடாமல் சமைத்துச் சாப்பிடுங்கள். கேலியாகச் சொல்லவில்லை. மரியன்தாலில் பெண்கள் உடையாமல் நின்றதற்கு அவர்களின் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்ததும் ஒரு காரணம். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, மதியச் சமையலை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் நாள் இரண்டாகப் பிரியும், மனைவியின் சுமையும் குறையும். முதல் ஒரு வாரம் சாம்பாரில் உப்பு கூடும், பரவாயில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், பகலில் படுக்காதீர்கள். நான்கு மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டு கணக்குப் போடாமல் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நடைப்பயிற்சி, ஓட்டம் முதலியவை மனச்சோர்வைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் மருந்துக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. லேசான நிலையில் நான் அதை முதலில் பரிந்துரைப்பேன், உங்கள் நிலையில் கூடுதலாக மட்டும். மனத்தில் உள்ளதை எழுதிக் கொட்டுவது இன்னொன்று. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலையிழந்த 63 பேரில் ஒரு பகுதியினரை, வேலை போனதைப் பற்றிய ஆழமான உணர்வுகளை ஐந்து நாட்கள், நாளுக்கு 20 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சில மாதங்களில் மற்றவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாகப் பேட்டிகளுக்குப் போகவில்லை. பழைய முதலாளிமேல் இருந்த கோபம் தணிந்து, பேட்டியில் அது கசியாமல் போனதால் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மிகச் சிறிய ஆய்வு, இதே முறையைப் பிற துன்பங்களுக்குச் சோதித்தவர்களுக்குக் கிடைத்த பலன் பொதுவாகச் சிறியதுதான். செலவில்லாதது என்பதால் செய்து பார்க்கலாம். எழுதியதும் மனம் இன்னும் கனத்தால் விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம், அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லாக் கடன்களையும் தவணைத் தேதியோடு ஒரே தாளில் மனைவியும் நீங்களும் சேர்ந்து எழுதுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு நேரில் போய்க் காலநீட்டிப்பு கேட்பது, தவறிய பிறகு கேட்பதைவிட எளிது. கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மீறினால் முதலில் வங்கியிலும் பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம். மொபைல் கடன் செயலிகளின் பக்கமே போகாதீர்கள். ராஜினாமாவாக எழுதி வாங்கியது செல்லுமா, இழப்பீடு உண்டா என்பதற்குத் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ தாமதிக்காமல் கேளுங்கள். மேற்பார்வையாளர் பதவியா தொழிலாளியா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், ஒரு முறையாவது கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு மனத்தில் அரிப்பு குறைவதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாகப் பேட்டி. இடைவெளியைப் பற்றிக் கேட்டால், 'எங்கள் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது, அதில் நானும் வெளியே வந்தேன், அதன் பிறகு இன்னின்ன செய்துகொண்டு வேலை தேடுகிறேன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆள் எடுக்கும் எந்த மனிதவள அதிகாரிக்கும் ஆட்குறைப்பு புதுச் செய்தி இல்லை. பழைய கம்பெனியைத் திட்டாதீர்கள், ஐந்து மாதத்தை இரண்டாகக் குறைத்தும் சொல்லாதீர்கள். பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மனநல மருத்துவரைப் பார்த்ததையோ மாத்திரை சாப்பிடுவதையோ பேட்டியில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மருத்துவ விவரங்களை உங்கள் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனையைக் கட்டுப்படுத்துகிறது. பேட்டிக்கான அந்த வாக்கியத்தை மனைவியிடம் இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முதல் முறை குரல் தழுதழுக்கும். பேட்டிக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்; பேட்டி முடியட்டும் என்று மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது மேலே சொன்ன நோட்டை, அதுவரை எழுதியது எவ்வளவானாலும், எடுத்துக்கொண்டு போனால், ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை அவரே படித்துத் தெரிந்துகொள்வார்.